பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும்: ஊரில் மறைந்தவர்களைக் குறித்து வைக்கும் வேலை

ஒருவர் இறந்த முதல் சில வாரங்களில் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது வெளியே போகிற பொருட்கள்தான், பின்னால் அவரைப் பற்றி எழுத உட்காரும்போது முதலில் தேடப்படுபவை. டிரங்குப் பெட்டி அடியில் கிடந்த ரசீதுகள், கணக்கு எழுதிய சின்ன நோட்டு, ஓரம் மடங்கிய குரூப் போட்டோ, பட்டன் தேய்ந்த செல்போன். வீட்டாருக்கு அந்த நேரத்தில் இவற்றின் மேல் கண் போகாது. அதற்காக முதல் நாளே நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்பதும் முறையல்ல. துக்கம் கேட்கப் போகும்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “காகிதம், போட்டோ, போன் எதையும் இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஒரு அட்டைப்பெட்டியில சேர்த்து வைங்க, பிறகு வந்து பார்த்துக்கலாம்.” இதை வீட்டுப் பெரியவரிடம் சொல்வதைவிட, சுத்தம் செய்கிற வேலையைக் கையில் எடுத்திருக்கும் மகளிடமோ பேரனிடமோ சொன்னால்தான் நடக்கும்.

செல்போனுக்குத் தனிக் கவனம் வேண்டும். பெரும்பாலும், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வீட்டில் வேறு யாராவது போனை எடுத்துக்கொள்வார்கள். சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்கை 2 ஆண்டு தொடாமல் விட்டால் அதில் சேர்ந்திருக்கும் படங்களோடு சேர்த்து நீக்கப்படலாம். ஆகவே போனை ரீசெட் செய்யும் முன் கேலரி, குரல் பதிவுகள், தொடர்பு எண்கள் மூன்றையும் கணினிக்கு நகல் எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்திகள் ஆண்ட்ராய்டு போனில் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில் ஓபஸ் கோப்புகளாக இருக்கும். போனைத் திறக்கவே முடியவில்லை என்றால், அவரோடு அடிக்கடி பேசியவர்களின் போனில் அதே செய்திகள் கிடக்கும். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் குரல் செய்தியைத்தான் நம்பியிருப்பார்கள். அது கிடைத்தால் அவர்கள் பேசிய நடையே கிடைத்துவிடும். ஒரு வரம்பு மட்டும் உண்டு: அவர் அனுப்பியதை எடுங்கள், அவருக்கு மற்றவர்கள் அனுப்பியதைத் திறக்காதீர்கள். வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள்.

விவரமாகப் பேச உட்காருவதற்கு ஏற்ற காலம், இறந்து ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். அதற்குள் வந்துபோகும் கூட்டம் ஓய்ந்திருக்கும்; வீட்டில் இருப்பவர்களுக்கே யாரிடமாவது அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றிருக்கும். ஆறேழு மாதம் தாண்டிவிட்டால் வேறொரு சிக்கல் வரும். அதற்குள் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி, கதை ஒரே வடிவில் உறைந்துபோயிருக்கும். எதைக் கேட்டாலும் அதே நாலு சம்பவம்தான் வரும்.

முதலில் பட்டியல்

யாரை எழுதுவது என்பதை ஞாபகத்தை வைத்துத் தீர்மானித்தால், எழுதுபவர் வசிக்கும் தெருவும் அவருடைய சொந்தக்காரர்களும்தான் வருவார்கள். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. ஆகவே எழுதத் தொடங்கும் முன், கடந்த இரண்டு அல்லது மூன்று ஆண்டில் இறந்தவர்கள் எல்லோருடைய பட்டியலும் தயாராக வேண்டும். இறப்புப் பதிவேடு, இடுகாட்டில் அல்லது சுடுகாட்டில் வைத்திருக்கும் குறிப்பேடு, வாக்காளர் பட்டியலில் நீக்கப்பட்ட பெயர்கள், ஊரில் ஒட்டிய இரங்கல் சுவரொட்டிகளின் போட்டோக்கள், இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு முழுமையாகும். ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இருக்காது. மருத்துவமனையில் இறந்தவர்களின் பதிவு அந்த நகரத்தில் இருக்கும், ஊர்ப் பதிவேட்டில் வராது. பிள்ளைகளோடு கடைசிக் காலத்தில் வெளியூர் போனவர்கள் எல்லாப் பதிவிலிருந்தும் தவறிவிடுவார்கள்.

அதற்குப் பிறகும் விடுபடுகிறவர்கள் யார் என்று தெரிந்தே தேட வேண்டும். பிழைக்க வந்து ஊரிலேயே தங்கிவிட்ட கூலித் தொழிலாளிகள், திருமணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், மனநலம் குன்றி வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள், ஊர் எல்லையில் குடிசை போட்டிருந்தவர்கள். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா காலத்தில் இறந்தவர்களுக்கு யாரும் கூடி அழக்கூட முடியவில்லை. அவர்கள் இன்னும் எழுதப்படாமல் இருந்தால் அவர்களிடமிருந்தே தொடங்குவது நியாயம்.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போதும்: பதிவிலுள்ள பெயர், ஊர் கூப்பிட்ட பெயர், இறந்த தேதி, தெரு, பேசக்கூடிய மூன்று பேர். ஊர் கூப்பிட்ட பெயரை விட்டுவிடாதீர்கள். பதிவில் இருக்கும் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாக இருக்கும்: ‘இன்னார் பெஞ்சாதி’, ‘இன்னார் அம்மா’ என்றே ஐம்பது வருடம் அழைக்கப்பட்டிருப்பார்கள், சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கும். குறிப்பின் தலைப்பு அந்தச் சொந்தப் பெயராகவே இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது

பிள்ளைகளிடம் மட்டும் கேட்டு எழுதிய குறிப்பு எப்போதும் நடுவயதில்தான் தொடங்கும். அவர்கள் அப்பாவையும் அம்மாவையும் பார்க்கத் தொடங்கியதே அந்த வயதில்தான். அதே நேரம், முதியவர்களுக்குத் மிகச் சமீபத்திய ஆண்டுகளை விட்டால், தங்கள் 10 வயது முதல் 30 வயது வரையான காலம்தான் மற்ற எந்தக் காலத்தையும்விட அடர்த்தியாக நினைவில் இருக்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் உறுதிப்பட்ட விஷயம். இறந்தவரின் இளமையைச் சொல்லக்கூடியவர்கள் அவர் வயதுக்காரர்கள்தான். ஆகவே மகனைப் பார்க்கும் முன் கூட்டாளியைப் பாருங்கள். மகன் அடுத்த வருடமும் இருப்பார். எண்பது தாண்டிய கூட்டாளி இருப்பார் என்று சொல்ல முடியாது.

வேலையில் கூட இருந்தவர், கடன் கொடுத்தவர் அல்லது வாங்கியவர், பக்கத்து வயல்காரர், அவரிடம் தொழில் கற்றவர், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர், எல்லோரிடமும் ஒரு துண்டு இருக்கும். சண்டைக்காரரிடம் போகத் தயங்குவார்கள். போங்கள். பத்து வருடம் வரப்புத் தகராறில் இருந்தவருக்குத்தான் அவர் எத்தனை மணிக்கு வயலுக்கு வருவார், எந்தப் பக்கம் நிற்பார், எப்போது விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும்.

கல்யாணமாகி வந்த பெண்ணென்றால் பாதி வாழ்க்கை இன்னொரு ஊரில் இருக்கிறது. பிறந்த ஊருக்குப் போகாமல் எழுதினால் அந்தப் பெண் இருபது வயதில் திடீரென்று தோன்றியவர் போல் ஆகிவிடும். தம்பியோ தங்கையோ சிறுவயதுத் தோழியோ ஒருவர் கிடைத்தால்கூடப் போதும்: சின்ன வயதில் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடம் எந்த வகுப்போடு நின்றது, யார் நிறுத்தினார்கள், கிணற்றில் நீந்தத் தெரியுமா. இந்தப் பக்கம் அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

கேள்வியில்தான் எல்லாம்

“அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுஷன்” என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தச் சொற்கள் இறந்த எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிடும். ‘அன்பானவர், கடும் உழைப்பாளி, அனைவரிடமும் இனிமையாகப் பழகியவர்’ என்ற வரியை எந்தப் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். எழுதி முடித்த குறிப்பைச் சோதிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பெயரை மறைத்துவிட்டு ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுவது. கேட்டதும் “இது அவருதானே!” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் இன்னும் ஆள் வரவில்லை.

ஆள் வருவதற்குக் கை, கால், நேரம், இடம் பற்றிக் கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவார்? தூரத்தில் வந்தாலே அவர்தான் என்று எப்படித் தெரியும்? எதை யார் கையிலும் கொடுக்க மாட்டார்? எதற்குக் கோபம் வரும், கோபம் வந்தால் என்ன செய்வார்? யாரிடம் தொழில் கற்றார், யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்? நாங்கள் ஒருபோதும் விடாத கேள்வி: “அவர் இல்லாததால இப்ப ஊர்ல எந்த வேலை நின்னு கிடக்கு?” இதற்கு வரும் பதில்தான் பெரும்பாலும் குறிப்பின் முதல் பத்தியாகிவிடுகிறது. பிரசவத்துக்கு முன் ஆட்டைத் தடவிப் பார்த்து எத்தனை குட்டி என்று சொல்ல ஆளில்லை. பழைய குழாய் எந்த வயலுக்கு அடியில் போகிறது என்று தெரியவில்லை. இடுகாட்டில் எந்த இடத்தில் யார் என்று காட்ட ஆளில்லை.

ஒரு மாதிரிக்கு, பம்புசெட் பழுதுபார்த்த ஒருவரைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘ஊர் விவசாயிகளுக்கு நேரம் காலம் பாராமல் உதவியவர்’ என்பது முதல் வரைவில் வந்து விழும் வரி. அதையே கூட வேலை செய்தவரிடம் கேட்டு எழுதினால் இப்படி வரும்: ‘மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டால், மோட்டாரைத் தொட மாட்டார். முதலில் கிணற்றை எட்டிப் பார்த்து மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு உறிஞ்சு குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் காத்திருப்பார். குழாயில் ஊற்றிய தண்ணீர் இறங்கினால், குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் மணலோ சருகோ சிக்கி மூடாமல் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் கடை இல்லாத நேரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டுவிடுவார். ஆனால் அடுத்த வாரமே தானாக வந்து அதைக் கழற்றி நல்லதை மாட்டாமல் விட மாட்டார். மோட்டார் தூக்கும் கயிற்றில் வேறு யாரையும் முடிச்சுப் போட விட்டதில்லை.’ ‘உதவியவர்’ என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. படித்தவருக்கு அது தெரிந்துவிடும். கூடவே அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன் பம்புசெட்டை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்றும் கற்றுக்கொள்கிறான்.

உட்கார்ந்த இடத்தில் பேச்சு வராதவர்களை நடக்க வையுங்கள். வயல், குளக்கரை, பழைய களம் என்று இறந்தவர் புழங்கிய இடங்களுக்குக் கூட்டாளியை அழைத்துப்போனால், ஒவ்வொரு இடத்திலும் ஒரு விஷயம் தானாக வரும். அந்த இடங்களின் பெயர்களையும் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் மேட்டுக்கும் வழியில் இருக்கும் மரத்துக்கும் பெயர் இருக்கும், எந்த வரைபடத்திலும் இருக்காது. போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதினால் போதும்; ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவைக் குறிக்கும், அதற்கு மேல் நுட்பம் போனுக்குக் கிடையாது.

பதிவு செய்ய போனே போதும், அதைச் சரியாக வைத்தால். ஃப்ளைட் மோடில் போடுங்கள், பதிவுச் செயலியில் எம்பி3 அல்லாமல் வேவ் (WAV) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். போனை மேசையில் நேராக வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாக விழும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள். மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சலைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர், யாரைப் பற்றி என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள், கோப்பின் பெயர் மாறினாலும் அது அழியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பதில் நின்றுபோனால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். அழுதால் பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், பலர் அழுதுகொண்டே சொல்லி முடிக்கத்தான் விரும்புவார்கள்.

வயதும் ஆண்டும்

பிழைகள் அதிகம் நுழைவது இங்கேதான். பிறப்புப் பதிவு இல்லாத தலைமுறைக்கு அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, விண்ணப்பம் நிரப்பியவர் போட்ட தேதி. ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்லும் வயதும் மதிப்பீடுதான்; மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலேயே 0, 5 என்று முடியும் வயதுகள் அளவுக்கு மீறிக் குவிகின்றன. அதோடு, நெடுநாளுக்கு முன் நடந்ததை உண்மையில் நடந்ததைவிடச் சமீபத்தில் நடந்ததாகச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. “ஒரு இருபது வருஷம் இருக்கும்” என்றால் முப்பதாகவும் இருக்கலாம்.

இதற்கு மருந்து, ஊருக்கென்று ஒரு நிகழ்வு வரிசை தயாரிப்பது. ஒரு பெரிய தாளில் ஆண்டு உறுதியாகத் தெரிந்த இருபது முப்பது நிகழ்வுகளை வரிசையாக எழுதுங்கள்: பள்ளிக்கூடம் திறந்தது, மின்சாரம் வந்தது, முதல் பேருந்து, பாலம் கட்டியது, பெருவெள்ளம், தேர்தல்கள். வானத்தில் நடந்தவை மிகவும் உதவும், அவற்றின் தேதி மாறவே மாறாது. 1965 அக்டோபர் கடைசியில் விடியற்காலையில் நீண்ட வாலோடு தெரிந்த இக்கேயா-செக்கி வால்நட்சத்திரம், 1980 பிப்ரவரி 16 அன்று ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் தெரிந்த முழுச் சூரிய கிரகணம் போன்றவை. கடலோர ஊர்களுக்கு 2004 டிசம்பர் 26. ‘எந்த வருஷம் கல்யாணம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘பாலம் கட்டினப்ப கல்யாணம் ஆகியிருந்துச்சா? கையில குழந்தை இருந்துச்சா?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று நிகழ்வுகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடும். அப்படிக் கிடைத்த ஆண்டைச் ‘சுமார் 1944’ என்றே எழுதுங்கள், அடைப்புக்குறிக்குள் எதை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு சொல்லும் சேருங்கள். அண்ணன் ஒன்று சொல்லி தங்கை ஒன்று சொன்னால் இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். நடுவில் ஒரு ஆண்டைப் போட்டுச் சமாதானம் செய்து வைப்பது மூன்றாவது ஒரு பிழையைத்தான் உண்டாக்கும்.

போட்டோவும் கருவியும்

இரங்கல் சுவரொட்டிக்குப் பெரிதாக்கிய படத்தை மூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டையை மாற்றி, பின்னணியை வெட்டி, முகச்சுருக்கத்தைத் தேய்த்து எடுத்திருப்பார்கள். இப்போது தெளிவாக்கித் தரும் செயலிகள் கண்ணையும் பல்லையும் கற்பனையாகவே வரைந்துவிடுகின்றன. அந்தப் படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டு அந்த அசலை ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. மூலக் கோப்பு டிஃப் (TIFF) வடிவில், பகிர்வதற்கு மட்டும் ஜேபெக். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் தேதியும் அங்கேதான் இருக்கும்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே, ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். பசைப்பக்க ஆல்பத்தில் இருப்பவற்றை, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்து எடுக்கலாம். வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். குரூப் போட்டோவில் பெயர் குறிக்க ஒரு பிரதியை அச்செடுத்து அதில் எண் போடுங்கள், அசலில் பேனா படக் கூடாது. முதல் வரிசை, இடமிருந்து வலம் என்று எழுதி, தெரியாத முகத்துக்கும் எண் கொடுத்து இடம் விடுங்கள். அந்தப் பிரதியை நாலு வீட்டுக்கு அனுப்பினால் பாதி நிரம்பித் திரும்பும்.

கருவிகளைப் படமெடுப்பவர்கள் குறைவு, அது பெரிய இழப்பு. கதிர் அரிவாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படமெடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய அரிவாளென்றால் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள்; இடதுகைக்காரருக்கு அது எதிர்ப்பக்கம் இருக்கும். பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், உடைந்து மறுபடி கட்டிய இடம், கட்டிய கம்பி, வாய் எவ்வளவு தேய்ந்து குறுகியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். எங்கே அடித்தது, யார் தீட்டிக் கொடுத்தார், இப்போது யாரிடம் இருக்கிறது என்று மூன்று வரி. தையல் இயந்திரம், தராசு, மருத்துவச்சியின் பை, தபால்காரரின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

எழுதுவதும் வாசித்துக் காட்டுவதும்

ஒருவருக்கு 400 முதல் 600 சொல் போதும். பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர் அவரை எந்த வேலையில் பார்த்ததோ அங்கே தொடங்கி, பிறகு பிறந்த ஊர், குடும்பம், இடம்பெயர்வு, நோய் என்று போகலாம். பதவி வகித்தவருக்கு நாலு பக்கம், களையெடுத்தவருக்கு நாலு வரி என்று ஆகிவிடாமல் எல்லோருக்கும் ஒரே நீள வரம்பு வையுங்கள். வரிசையும் இறந்த தேதிப்படிதான்.

சொல்லக் கூடாதவை பற்றி முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உயிரோடு இருப்பவரின் பெயர், அவர் அனுமதி இல்லாமல் வரக் கூடாது. கடன், குடி, குடும்பச் சிக்கல் போன்றவை வீட்டார் விரும்பினால் மட்டும். தற்கொலை என்றால் முறை, இடம், ‘இதனால்தான்’ என்ற ஒற்றைக் காரணம் எதுவும் எழுதக் கூடாது. ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான், அதே நிலையில் இருக்கும் இன்னொருவரை அது தூண்டக்கூடும். அந்த மனிதரின் வாழ்க்கை எத்தனையோ வருடம், எழுத அதில் நிறைய இருக்கிறது. பொதுவில் வைக்கும் பிரதியில் முழுப் பிறந்த தேதி, அடையாள எண், வீட்டு முகவரி, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டாம். இறந்தவர் பெயரில் கணக்குத் திறப்பவர்களுக்கும், தனியாக இருக்கும் துணைவியைப் போனில் ஏமாற்றுபவர்களுக்கும் இவைதான் தேவை. பிறந்த ஆண்டு மட்டும் போதும்.

அனுமதியை ஒரு பக்கத் தாளில் மூன்று பிரிவாக வாங்குவது நல்லது: எல்லோரும் படிக்கலாம், 20 ஆண்டு கழித்துத் திறக்கலாம், வீட்டாருக்கு மட்டும். நடுப்பிரிவு இருப்பது தெரிந்தால் பலர் தயக்கமின்றிப் பேசுவார்கள்.

வரைவை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத பெரியம்மா திண்ணையிலிருந்து “இல்லப்பா, அது பெரிய கிணறு இல்ல, கல்லுக் கிணறு” என்று திருத்துவது இப்படித்தான் நடக்கும். அதன் பிறகு 14 புள்ளி எழுத்தில் அச்சிட்ட பிரதியை ஒரு வாரம் அவர்களிடம் விட்டு வையுங்கள். இரவில் யோசித்துச் சொல்லும் திருத்தங்களும் உண்டு. பொதுக் கூட்டத்தில் வாசிப்பதென்றால் ஒருவருக்கு மூன்று நிமிடம், அதாவது ஏறக்குறைய 250 சொல். பெயரின் உச்சரிப்பை வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பெயரைத் தப்பாகச் சொன்னால் மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

கெடாமல் வைக்க

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துரு வகைகளில் அடித்தவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாக வரிசைப்படும். மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பென்டிரைவை நம்பி வைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கையும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் புதியதற்கு மாற்றுங்கள். நினைவுக் கல்லில் க்யூஆர் குறியீடு பதிப்பது இப்போது பரவுகிறது. அது காட்டும் இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுபவர் யார் என்பது தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம். கல்லிலேயே பெயரும் ஆண்டும் வேலையும் வெட்டப்பட்டிருக்கட்டும்.

காகிதம்தான் கடைசியில் மிஞ்சுகிறது. அமிலமற்ற தாளில் லேசர் அச்சு எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை ஒரு ஒழுகலில் கரைந்துவிடும். அசல் ஆவணங்களுக்கு லேமினேஷன் கூடவே கூடாது, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, உள்ளே காகிதம் பழுத்துக்கொண்டே போகும். செல்லோடேப், ரப்பர் பேண்டு, இரும்புப் பின் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிவிசி உறைகளும் வேண்டாம், அவை நாளாக நாளாக அமிலத்தைக் கக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள். பெட்டி தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும், கரையான் வந்தால் கண்ணில் படும்.

ஐந்து பிரதி பைண்டு செய்து நூலகம், பள்ளி, ஊராட்சி அலுவலகம் என்று பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவரின் குறிப்புக்குப் பின்னும் ஒரு பக்கம் வெறுமையாக விடுங்கள். பிரதி கைமாறி வரும்போது அதில் பென்சிலில் திருத்தங்கள் ஏறியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஐந்தையும் வாங்கி, அந்தத் திருத்தங்களை எழுதியவர் பெயரோடு மூலக் கோப்பில் சேர்த்து, அந்த ஆண்டு இறந்தவர்களின் பட்டியலையும் அதே உட்காரலில் எடுத்துவிடலாம்.